மூட்டைப் பேயின் அரையடி

பேய்க்காரியை வேலையிலிருந்து துரத்திவிட்டார்களாம்! யார் துரத்தியது? கண்ணால் பார்த்தவர் யார்? கூப்பிடுங்கள், என் முன்னால் வந்து சொல்லட்டும். மூன்றாம் மாடித் தையல்காரி சொல்கிறாளாம். அவளுக்கு அவள் தம்பி சொன்னானாம். தம்பி அந்த அலுவலக வாசலில் காவல் நிற்கிறவன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே ஒரு வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறான். அந்த வாய் என்ன சொன்னது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதற்குள் கதை நான்கு மாடி ஏறி இறங்கி, போகிற வழியில் கைகால் முளைத்து, "வேலை நேரத்துல கேம் ஆடிக்கிட்டு இருந்தாளாம், கையும் களவுமா பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்களாம்" என்று வந்து நிற்கிறது.

கேம் ஆடுவதுதானே அவளுக்கு வேலை! சமையல்காரன் வேலை நேரத்தில் அடுப்படியில் நின்றான் என்று யாராவது புகார் சொல்வார்களா?

பேய்க்காரி என்று இந்தக் கட்டடமே அவளைக் கூப்பிடுகிறது. கூப்பிடட்டும், அவள் அதற்கெல்லாம் முகம் சுளித்தவள் இல்லை. ஆனால் அவள் எப்படிப் பேய்க்காரி ஆனாள் என்று ஒருத்தருக்காவது தெரியுமா? வாயைத் திறக்கத் தெரிந்தவர்கள் காதையும் கொஞ்சம் திறக்கட்டும்.

பதின்மூன்று வருஷம் அவள் மாவு மூட்டை சுமந்தாள். லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு. ஆண்கள் ஒன்று தூக்கினால் அவளும் ஒன்று தூக்குவாள், பேச்சிலும் ஒன்று குறைய மாட்டாள். முதுகெலும்பு நகர்ந்த பிறகுதான் நிறுத்தினாள். புருஷன் தூர தேசத்துக்கு லாரி ஓட்டுகிறவன், வந்தால் இரண்டு நாள், போனால் பதினைந்து நாள். வீட்டில் சும்மா படுத்துக் கிடக்க அவளால் முடியாது. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற அந்த அலுவலகத்தில் மேசை துடைக்கும் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் படம் வரைகிறவரின் மேசையைத் துடைக்கும்போது திரையில் ஒன்று ஓடியது. வெள்ளையாய் ஒரு பேய், முதுகில் உப்பிய மூட்டை. இடிந்த அரண்மனைக்குள் அது எப்போதாவது தலை காட்டும். இருபது அறை நுழைந்தால் ஓர் அறையில் இருக்கும். சண்டைக்கு வராது, நம்மைக் கண்டதும் ஓட்டம் எடுக்கும். சுவருக்குள் புகுந்து மறைவதற்குள் ஓர் அடி போட்டுவிட்டால் மூட்டை கிழிந்து பொன்னும் மணியும் கொட்டும். விட்டால் போச்சு. அந்தப் பேய் ஓடுவதைப் பார்த்துவிட்டு இவள் துடைக்கும் துணியோடு நின்று சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் படக்காரர்.

"மூட்டையில என்ன சார் இருக்கு, பஞ்சா?"

"தங்கம்தாம்மா. நூறு கிலோ இருக்கும்."

"நூறு கிலோவைத் தூக்கிக்கிட்டு எவளாவது இப்படித் துள்ளிக்கிட்டு ஓடுவாளா? நீங்க ஒரு தடவையாவது மூட்டை தூக்கியிருக்கீங்களா?"

அவர் தூக்கியதில்லை. பையைக்கூட ஒற்றைத் தோளில் மாட்டுகிறவர். உடனே இவள் தண்ணீர்க் கேனை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த நடைவழியில் ஓடிக் காட்டினாள். டாக்டர் பார்த்திருந்தால் அடித்திருப்பார். நேராக ஓடும்போது எவ்வளவு வேகமானாலும், திருப்பம் வந்தால் சுமக்கிறவர் மூட்டையை ஓர் உலுக்கு உலுக்கி மேலே ஏற்றியே ஆகவேண்டும். அந்த நொடியில் கால் அரையடி பக்கவாட்டில் போகும். "அங்கதான் சார் பிடிபடுவோம். கிடங்குல மேஸ்திரி விரட்டி வந்து எங்களைப் பிடிச்சதெல்லாம் திருப்பத்துலதான்" என்றாள்.

படக்காரர் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். பேய் உலுக்கியது, தடுமாறியது. அதுவரை யார் கைக்கும் சிக்காமல் எரிச்சல் மூட்டிக்கொண்டிருந்த பேய், கண்ணை வைத்துக் காத்திருந்தால் பிடிபடுகிற பேயாக ஆனது. ஊர் ஊராய் ஜனங்கள் ஆடினார்கள். இவளைத் துடைக்கும் துணியை வைக்கச் சொல்லிவிட்டு, ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற ஆறு பேரில் ஒருத்தியாக உட்கார வைத்தார்கள். ஆக, அந்தப் பேய்க்கு ஓடச் சொல்லிக் கொடுத்தவள் இவள். பேய்க்காரி என்றால் அதற்குத்தான் பேய்க்காரி.

இனி நாத்தனார் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இது விளங்காது.

புருஷனின் தங்கை இவளோடுதான் இருக்கிறாள். அச்சகத்தில் தாள் வெட்டுகிற வேலை பார்த்தவள். வெட்டும் இயந்திரம் அவள் வலது கையைக் கடித்தது. விரல்கள் தப்பின, ஆனால் சுட்டு விரலும் நடுவிரலும் மடங்க மறுத்தன. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். நான்கு நாள் அமுக்கினாள், ஐந்தாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"இதை அமுக்கி அமுக்கி நான் என்னத்தைக் கண்டேன் அண்ணி? பந்து நல்லா இருக்கு, கைதான் அப்படியே இருக்கு."

பந்து கிடக்கட்டும் என்று இவள் அலுவலகத்தில் கழித்துப்போட்ட விளையாட்டுப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து டிவியில் மாட்டினாள். இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தான் அழுத்துகிற ரிமோட் ஒன்று அதற்கு உண்டு. அடிக்கிற பொத்தான் வலது சுட்டு விரலுக்குக் கீழே. "பேயைப் பிடிடி பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பினால் உலை வைக்கவில்லை, பாத்திரம் தேய்க்கவில்லை, வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறாள் நாத்தனார்.

"தப்பிச்சிட்டா அண்ணி! என் கண்ணு முன்னாடியே சுவத்துக்குள்ள போயிட்டா, கழுதை!"

முதல் பேயைப் பிடிக்க ஐந்து வாரம் ஆனது. பிடித்த அன்று கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோடு இரண்டானது, ஐந்தானது. விரல் மடங்கத் தொடங்கியது. பதினோராவது கோடு போட்ட வாரம் அச்சகத்துக்காரர், "மாசம் பிறந்ததும் வந்து கையைக் காட்டு, சரியா இருந்தா பழைய இடத்துலயே உட்காரு" என்று சொல்லி அனுப்பினார். அன்று நாத்தனார் தலைக்குக் குளித்தாள், பாட்டுப் பாடினாள்.

பன்னிரண்டாவது கோடு வரவே இல்லை.

அந்த வாரம்தான் அலுவலகத்துக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். ஒரு காலையில் இவள் ஆடிப் பார்க்கும்போது பேய் திருப்பத்தில் தடுமாறாமல் போயிற்று. மறுபடி ஆடினாள். உலுக்கவில்லை, அரையடியும் இல்லை. இவள் கத்தியை ஓங்கும்போது ஒரு விரற்கடை தூரத்தில் மறைந்தது. பத்து முறை ஆடினால் பத்து முறையும் அதே விரற்கடை. குறை என்று போய்ச் சொன்னாள்.

"குறை இல்லைம்மா. நாங்கதான் அப்படி வெச்சிருக்கோம். காசு கொடுத்து மாய விளக்கு வாங்கறவங்களுக்கு மட்டும் தடுமாறும்."

"அப்போ வாங்காதவங்க?"

"பிடிக்க முடியாது. ஆனா பிடிச்சிடலாம்னு தோணணும். அதனாலதான் அவ்வளவு கிட்டக் கொண்டுபோய் விடறோம்."

"அப்படின்னு அவங்ககிட்ட சொல்லுவீங்களா சார்?"

அவர் சிரித்தார். "சொன்னா யார் ஆடுவாங்க? தன் கை வேகம் பத்தலைன்னு நினைச்சுக்குவாங்க. மறுபடி மறுபடி ஆடுவாங்க. அப்புறம் விளக்கு வாங்குவாங்க."

பார்த்தீர்களா? வாய்க்கு நேரே அல்வாவைக் காட்டிவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறவனைத் தெருவில் கண்டால் காறித் துப்புவோம். இவர் அதைச் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றே வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை, அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. உள்ளே நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்குக் கட்டுப்பட்டுப் பத்து நாள் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அந்த மாற்றமோ அன்றே நெட் வழியாக வீட்டுப் பெட்டிக்கும் வந்துவிட்டது. அவள் வாய் மூடியிருந்த பத்து நாளும் நாத்தனார் அந்தப் பேயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் வீடு திரும்பியபோது டிவி அணைந்திருந்தது. நாத்தனார் வலது கையை மடியில் போட்டு இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கை திரும்பவும் மரத்துப்போச்சு அண்ணி. நான் அச்சகத்துக்குப் போகல. போய் அங்க எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட என்னால முடியாது."

"கையில ஒண்ணும் இல்லைடி! அவங்க மாத்திட்டாங்க. அந்தப் பேயை யாராலயும் பிடிக்க முடியாது, என்னாலயே முடியல."

"எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்றேன்."

"நேத்துகூட ஒரு விரல் இடைவெளி அண்ணி. ஒரே ஒரு விரல். என் விரல் ஒழுங்கா இருந்திருந்தா பிடிச்சிருப்பேன்." சொல்லிவிட்டு அந்த விரலையே முறைத்துப் பார்த்தாள், பிடிக்காத சொந்தக்காரரைப் பார்ப்பது போல.

ஒரு விரற்கடை என்று கணக்காய் வைத்துத் தைத்தது யார் என்று இவளுக்குத் தெரியும். சொன்னால் நாத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சகத்துக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது.

ஆடிப் பார்க்கிறவர்களின் அறை மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் உண்டு. புதுசையும் பழசையும் ஒப்பிட்டுப் பார்க்க அதில் பழைய விளையாட்டை அப்படியே வைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் நாத்தனாரைச் சாப்பாட்டுத் தூக்கோடு வரச் சொன்னாள். காவல்காரன், அதான் நம் தையல்காரியின் தம்பி, தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான். மூலையில் உட்கார வைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு அண்ணி? மறுபடியும் என்னை அழ வைக்கவா?"

"வாயை மூடிட்டுத் திருப்பத்தைப் பாரு."

முதல் பேய் தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவது பேய் நடைவழி முடிவில் மூட்டையை உலுக்கியது, அரையடி சாய்ந்தது. நாத்தனாரின் சுட்டு விரல் மடங்கியது. மூட்டை கிழிந்து பொன் கொட்டியது. அவள் கத்திய கத்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் எழுந்து வந்தார்கள். மேனேஜரும் வந்தார்.

"யாரும்மா இது? வெளியாளை எப்படி இந்த ரூமுக்குள்ள விட்டே?"

"என் நாத்தனார் சார். உங்க பேயைப் பத்து நாளா பிடிக்க முடியாம, தன் கை போச்சுன்னு உட்கார்ந்திருந்தா. கை போகலைன்னு காட்டக் கூட்டிட்டு வந்தேன்."

மேனேஜர் நாத்தனாரின் தழும்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை இருக்கிறதே! "அவங்க கை அப்படி இருந்தா நாங்க என்ன பண்ண முடியும்?"

அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் தூக்கைத் தலையில் கவிழ்த்திருப்பேன். இவள் கவிழ்க்கவில்லை. அவரை அறைந்தாள் என்று இரண்டாம் மாடியில் பேசிக்கொள்கிறார்களே, அதுவும் பொய். அவள் செய்தது ஒன்றுதான். புது விளையாட்டு இருக்கிற கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உங்க கை நல்லாத்தானே சார் இருக்கு? உட்காருங்க. ஒரு பேயைப் பிடிங்க."

"எனக்கு வேற வேலை இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றார் கத்தல் கேட்டு வந்து பின்னால் நின்ற படக்காரர். அவர் அதுவரை எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜரால் நழுவ முடியவில்லை. உட்கார்ந்தார். பேய் வந்தது. துரத்தினார், ஒரு விரற்கடையில் மறைந்தது. அடுத்தது, அதே விரற்கடை. எழுந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டார். மூன்றாவது, நான்காவது. ஆறாவது பேய் மறைந்தபோது ரிமோட்டைத் தட்டி வைத்துவிட்டு, சுட்டு விரலை உதறிக்கொண்டே, "சே, வியர்வையில விரல் வழுக்குது" என்றார்.

அதை அப்படி வைக்கச் சொன்னவரே அவர். பிடிக்க முடியாது என்று வாயாலேயே சொன்னவர். அவரே தன் விரலைத்தான் திட்டினார்.

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"உங்க விரல்ல ஒண்ணும் இல்லை சார்," என்றாள் இவள். "விளக்கு வாங்குங்க."

அப்புறம் அவள் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி ரிமோட் மேல் வைத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டாள். அதில் சாப்பாடு தொடாமல் அப்படியே இருந்தது. படக்காரரிடம் மட்டும், "அந்த அரையடி என்னோடது சார். அதை விளக்குக்குள்ள வெச்சு விக்க நான் கொடுக்கல" என்று சொன்னாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

அந்தக் கண்ணாடிக் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டுமென்றால் சுவரில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். பழசாகிப்போன பொத்தான், இறுகிப்போனது, எல்லோரும் உள்ளங்கையால்தான் குத்துவார்கள். இவள் கையை நீட்டினாள்.

"இருங்க அண்ணி, நான் திறக்கறேன்" என்று முன்னால் வந்து, வலது சுட்டு விரலால் நாத்தனார் அழுத்தினாள். ஒருமுறை வழுக்கியது. மறுபடி அழுத்தினாள், கதவு திறந்தது.

இருவரும் வெளியே வந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அப்போதுதான் மேனேஜர் அந்தப் பக்கம் ஓடிவந்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று எதையோ கத்தினார். வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. காவல்காரன் அதைத்தான் பார்த்தான். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நாத்தனாரோடு அச்சகம் இருக்கிற தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.