மரத்தில் தொங்கும் செருப்பு

விழுப்புரத்திலிருந்து உச்சி வெயிலில் வந்த பஸ், திண்டிவனத்தை நெருங்கும்போது ஆவி விட ஆரம்பிக்கிறது. டிரைவர் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுகிறார். வாளியில் மிச்சமிருப்பதைக் கடைக்கார அம்மாள் விடாப்பிடியாக வாங்கி, வாசலில் நிற்கும் மயில்கொன்றைக்கு ஊற்றுகிறாள். கடைக் கூரையைத் தாண்டி வளர்ந்த மரம். தாழ்ந்த கிளையில் ஒரு பழைய செருப்பு தொங்குகிறது.

“செருப்பு எதுக்கும்மா?” டீ குடிக்க இறங்கிய நான் கேட்கிறேன்.

“வெதை போட்டு, ஆடு கடிக்காம பாத்துக்கினு, புள்ள மாதிரி வளத்தேங்க. நெழலு குடுக்குது, பூக்க மாட்டேங்குது. ரோஷம் வரட்டும்னு கட்டிவுட்டேன்.”

டீயைக் குடித்தபடி அண்ணாந்து பார்க்கிறேன். உச்சியில், இலைகளுக்கு நடுவே, சிவப்பாக ஒரு கொத்து. விரலை நீட்டிக் காட்டுகிறேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிச் செருப்பை அவிழ்க்கிறாள். அது தொங்கிய இடத்தை முந்தானையால் துடைக்கிறாள்.

“கோச்சிக்காத கண்ணு” என்கிறாள் மரத்திடம்.

அதற்குள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதியும் யாரும் நகரவில்லை. ‘என்னா செவப்பு, என்னா செவப்பு’ என்று மாய்ந்து போகிறோம். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். அவள் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வருகிறது.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறேன். மறுபடியும் ஸ்டூல்மேல் நின்று அதே செருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

“மறுபடியும் எதுக்கும்மா?” என்று கத்துகிறேன்.

“இது மரத்துக்கில்லீங்க,” என்கிறாள். “உங்க கண்ணுக்கு.”