பெரிய பைப்பும் பின்னால் இருந்தவளும்

நானும் என் மனைவி சரசுவும் ஜெராம் பக்கத்துத் ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறோம். எண்பத்து நாலில் வாங்கிய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருவோம். சென்ற ஆண்டு அதன் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பட்டறைக்காரர் பழைய அளவிலேயே ஒன்றை எடுத்தார். நான் இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன்.

"அது ரேஸ் ஓட்டுறவனுக்கு லா. மெதுவா போறப்ப இழுக்காது. சத்தத்துக்குப் போலீஸ்காரன் சம்மன் வேற எழுதுவான்," என்றார்.

குழாய் பெரிதானால் சக்தியும் பெரிதாகும் என்பது என் கணக்கு. அதையே மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை சரசு மடியில் பால் வாளியோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தாள். செம்மண் மேட்டில் வண்டி திணறியது. எரிச்சலில் கியரைக் குறைத்து முறுக்கினேன். ஒரு துள்ளு துள்ளிவிட்டு வண்டி சர்ரென்று ஏறியது. பைப் இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது என்று மகிழ்ந்தபடி பெரட்டுக் களம் வரை போய்விட்டேன்.

அங்கே வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மண்டோர், "எங்கய்யா உன் சம்சாரம்?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

பதறிப்போய் வந்த வழியே வண்டியைத் திருப்பினேன். மேட்டடியில் லாலாங் புல்மேல் உட்கார்ந்து முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பின்னால் லோரி எதுவும் வரவில்லை.

"தொண்ட கிழியக் கத்துனேன். உங்க பைப் கேக்க விட்டாத்தானே," என்றாள்.

அன்று மாலையே பழைய அளவுக் குழாய்க்கு மாறினேன். இப்போது "ஏறிட்டியா?" என்று கேட்டு, அவள் பதில் சொன்ன பிறகே கிளம்புகிறேன். வழி நெடுக அவள் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறது. பெரும்பாலும் அந்தப் பைப்பைப் பற்றித்தான்.