நறுக்கிய சூயிங்கம்

புகைப்பழக்கத்தை விடவைக்கும் அறைக்கு நானும் மச்சானும் ஒரே நாளில்தான் போனோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஓட்டுபவர். வலது காலில் ரத்தக்குழாய் அடைத்து, பெருவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. "பீடியை அடியோடு விட்டால் கால் தங்கும். ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தாலும் போய்விடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவுக்கு பிரேக் வலது காலில்தான்.

நானும் பீடிக்காரன்தான். ஆனால் நான் போன காரணம் வாயு. பூரி கிழங்கை ஒரு பிடி பிடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் கண்ணீரோடு சொன்ன ஆள் நான். சாவி அவள் இடுப்பில் இருந்தது. ஈசிஜி எடுத்த நர்ஸ் சிரித்தே விட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அந்த அறையில் ஒரு வங்காளிப் பெண், கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். பீடி ஏக்கத்தை அடக்கும் சூயிங்கம் இலவசமாகத் தருவாள். சாயங்காலமானால் போன் வரும்.

"அங்கிள், ஆஜ் பீடி பியா?"

"நஹி பேட்டி" என்பார் மச்சான், இன்று ஒன்றுகூடக் குடிக்கவில்லை என்று விறைப்பாக நின்றுகொண்டு.

போன் என் கைக்கு வந்தால் படபடப்பு, தலைசுற்றல், காது அரிப்பு என்று அடுக்குவேன். "அங்கிள், ஆப் பஹுத் டர்தே ஹோ" என்பாள். நான் பயந்தாங்கொள்ளி என்பதைக் கண்டுபிடிக்கப் படித்திருக்கத் தேவையில்லை.

மார்ச் முடிந்தது. பழைய நிதி தீர்ந்தது, புதியது வரவில்லை. அவளுடைய கான்ட்ராக்டும் அதோடு சரி. மீதமிருந்த சூயிங்கம் அட்டைகளை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தாள். "ஃபண்ட் ஆயேகா அங்கிள். ஃபைல் மெயின்லேண்ட் மே ஹை."

நிதி வருமாம், ஃபைல் மெயின்லேண்டில் இருக்கிறதாம். இந்தத் தீவுக்கு வேண்டியது எதுதான் மெயின்லேண்டில் இல்லை? மருந்துக்கடைக்காரரும் அடுத்த கப்பல் என்றார். எங்களுக்கு அது புதிதல்ல. கப்பல் தாமதமானால் எந்த வீட்டிலும் வெங்காயத்தை நிறுத்துவதில்லை. சின்னதாக நறுக்குவோம், அவ்வளவுதான். ஒருநாள் போனபோது மச்சான் அரிவாள்மனை முன் உட்கார்ந்து சூயிங்கத்தைப் பாதிப் பாதியாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், சாம்பாருக்கா?"

"கப்பல் வர்ற வரைக்கும் இழுக்கணும்ல மாப்ள."

அது சரியான யோசனையாகத்தான் எங்கள் எல்லோருக்கும் பட்டது. என் அட்டைகளையும் அவரிடம் கொடுத்தேன். "ஏன், உனக்கு?" என்றார். "இத மென்னா எனக்கு ஹார்ட் அட்டாக் வருது" என்றேன். "உனக்கு இட்லி தின்னாலும் வருமே!" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் கிராம்பு மென்றேன். நாக்கு மரத்துப்போய், பக்கவாதம்தான் என்று கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கோணிக் கோணிப் பார்த்தேன். அப்படியே பயந்து பயந்தே விட்டுவிட்டேன்.

பாதி, காலானது. அந்தத் துணுக்கு பல்லுக்குத்தான் போதும், ஏக்கத்துக்குப் போதாது. அதைச் சொல்ல அறையில் ஆள் இல்லை. சாயங்கால போனும் வருவதில்லை. மழைக்கு அவர் ஒதுங்கிய ஆட்டோ ஸ்டாண்டில் பக்கத்தில் நின்றவர் பீடி பற்றவைத்திருக்கிறார்.

"ரெண்டு இழுப்புதான் மாப்ள" என்றார் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல். ரெண்டு இழுப்போடு அது நிற்கவுமில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பிய பிறகு, பஜாரில் நிற்கும்போது போன் வந்தது. அதே குரல். "அங்கிள், ஃபண்ட் ஆ கயா! கம் பீ ஆ கயா!" நிதியும் சூயிங்கமும் வந்துவிட்டதாம். அவளுக்கும் வேலை திரும்பக் கிடைத்திருந்தது. என்ன சந்தோஷம் அந்தக் குரலில். "தூஸ்ரே அங்கிள் கோ பீ லானா."

மச்சானையும் கூட்டி வரச் சொல்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டே போய்ச் சொன்னேன். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. அதை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"இன்னொரு கால் இருக்குல்ல. போய் வாங்கிட்டு வா. இந்தத் தடவ நறுக்க மாட்டேன்."

நெஞ்சை அடைத்தது. வாயு இல்லை என்று எனக்கே தெரிந்தது. வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.