மிச்சம் கட்டிய சர்வர்

அந்தத் தெருவில் அவருக்கு மிச்சம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். கோபத்தால் ஏதாவது லாபம் உண்டா என்று முதலில் யோசிக்கிற ஆள். டைல்ஸ் கிடங்கில் பில் போடும் வேலை. "இதுல எவ்வளவு மிச்சம் தெரியுமா?" என்று கேட்காமல் அவருக்கு ஒரு நாள் முடியாது. பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே ஒட்டியிருப்பதை வழித்தெடுப்பார். டாக்டரிடம் போனால் ஒரே கட்டணத்தில் தன் முழங்கால், மனைவியின் தலைவலி, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல் மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

அவருக்கு அடியோடு பிடிக்காத சொல் வாடகை. சொந்த வீட்டுக்காரர்தான். ஆனாலும் அந்த வருஷம் இரண்டு வாடகைகள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டன.

முதலாவது அப்பாவின் காற்று மெத்தை. அப்பா ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு பாதி குழறினாலும் வாய் மட்டும் போகவில்லை. அவர் படுக்க ஒரு காற்று மெத்தையை மருமகள், அதாவது மிச்சத்தின் மனைவி, தன் சம்பளத்தில் வாடகைக்கு எடுத்து வந்தாள். தெருவிலேயே இருந்த மருந்துக் கடையில் வேலை செய்கிறவள் ஆதலால் எது தேவை, எது ஆடம்பரம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சின்ன பம்பு நாள் முழுக்க முனகிக்கொண்டே மெத்தையின் பட்டைகளில் மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றும், இறக்கும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாது. படுக்கைப் புண் வராது. மாத வாடகை என்று கேட்டதும் மிச்சத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா கிழவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு மருமகளின் தோளில் தட்டினார். "முதுகு கண்ணாடி மாதிரி வெச்சிருக்கம்மா. இது இப்படியே இருந்தா அடுத்த வாரம் நாற்காலியில உட்கார வெச்சிடலாம். ஒரு புண்ணு வந்துச்சுன்னு வை, அப்புறம் நாற்காலியை மறந்துட வேண்டியதுதான்."

"நாற்காலியில வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார் கிழவர். வாசலில் உட்கார்ந்தால் தெருமுனையில் திரும்பும் லாரிகள் தெரியும். "எவன் எப்படி ஓட்டறான்னு பாக்கணும். பாத்து ரொம்ப நாளாச்சு, திட்டறதுக்கு ஆளே கிடைக்கல."

"நான் இருக்கேனே மாமா, என்னைத் திட்டுங்க."

"உன்னைத் திட்டினா கஞ்சி யாரு ஊத்தறது?"

இரண்டாவது வாடகை, படங்களுக்கு. 'சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, மாதக் கட்டணம் செலுத்தவும்' என்று மிச்சத்தின் போன் தினமும் நச்சரித்தது. அவரிடம் ஆயிரக்கணக்கில் படங்கள். அதில் பாதி மின் மீட்டரின் படம். மீதியில் பாதி, யார் யாரோ அனுப்பிய காலை வணக்கம். அவற்றுக்கு நடுவே எங்கோ மனைவியும் அப்பாவும் இருந்தார்கள். அழித்தால் இடம் கிடைக்கும் என்பது யாருக்கும் தோன்றும். ஆனால் அழிப்பதும் ஒரு நஷ்டம் அல்லவா? அதனால் வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டுவதென்று முடிவெடுத்தார். இரவும் பகலும் அணையாமல் ஓடி வீட்டுப் படங்களையெல்லாம் வைத்துக் காக்கும் கம்ப்யூட்டர். வாடகை கிடையாது.

கிடங்கில் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. பக்கவாட்டுத் தகடு இல்லை. "காத்தோட்டம்" என்றார் மிச்சம். அதற்குச் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டைக் காலி செய்தார். வீட்டுச் செருப்புகள் வாசலில் வெயில் காய்ந்தன. ஹார்ட் டிஸ்க்குகள் மட்டும் பழைய சாமான் விற்கும் கம்ப்யூட்டர் கடையில் வாங்கினார்.

"இது எங்க ஓடினது?"

"ஒரு நகைக்கடை கேமராவுல சார். நாலு வருஷம் கண்ணே மூடல."

"அப்ப நல்லா உழைக்கிற டிஸ்க்கு."

"உழைச்சு முடிச்ச டிஸ்க்கு சார்."

"கேரண்டி?"

"கடை வாசப்படி வரைக்கும் உண்டு."

மிச்சம் அதிலும் கொஞ்சம் குறைத்து வாங்கினார். நெட் கேபிளை மட்டும் அளந்து பார்க்காமல் மலிவானதை எடுத்துவிட்டார். ஒரு முழம் குறைந்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஹாலில் வைத்த அன்றே அதன் இரைச்சல் தாங்காமல் மனைவி வெளியே தள்ளினாள். சமையலறையில் சூடு. கடைசியில் அப்பாவின் அறைதான் தோதாகப் பட்டது. அங்கே நாள் முழுக்க மின்விசிறி சுற்றும். கரண்ட் போனாலும் நிற்காத இன்வெர்ட்டர் பிளக்கும் அங்கேதான், அதில் மெத்தையின் பம்பு செருகியிருந்தது. ஆகவே செருப்பு ஸ்டாண்டோடு சர்வர் அப்பாவின் தலைமாட்டுக்கு வந்தது. மறுபக்கச் சுவரில் இருந்த மோடத்துக்குப் போன அந்த முழம் குறைந்த கேபிள் கட்டில் கம்பியின் மேலே, கிழவரின் மார்புக்குக் குறுக்கே, துணி காயப்போடும் கொடி போல விறைத்து நின்றது.

கிழவர் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடா இது, எனக்குத் துணைக்கு இன்னொரு நோயாளியா?"

நோயாளி என்றால் நோயாளிதான். அதற்கு மிச்சம் செய்த பணிவிடையைப் பெற்ற அப்பன் கண்டதில்லை. காலையில் தூரிகையால் தூசி துடைத்தார். சூடு தணிய உள்ளே சிப்பின் மேல் ஒரு பேஸ்ட் தடவினார். சத்தம் மாறுகிறதா என்று காது வைத்துக் கேட்டார். வேலைக்குப் போன பின்பும் போனிலேயே அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போனையே பார்ப்பது அப்பாவைப் பற்றிய கவலை என்று நினைத்து, கிடங்கின் காசாளர் அம்மாளுக்கு ஒரு நாள் மனம் இளகிவிட்டது.

"வீட்டுல எப்படி சார் இருக்கு?"

"நேத்து சூடு ஏறிடுச்சும்மா. ஃபேனைப் பக்கத்துல வெச்சதும் இறங்குச்சு."

"அய்யோ. டாக்டரக் கூப்பிட்டீங்களா?"

"எதுக்குச் செலவு? நானே திறந்து பாத்தேன். உள்ள காய்ஞ்சு போயிருந்த பேஸ்டைச் சுரண்டிட்டு புதுசா தடவினேன்."

அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவர் பக்கமே திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையில் சரக்கு இருப்பு எடுக்கிறார்கள் என்று மருமகள், வழக்கம்போல நடுநடுவே ஓடிவந்து மாமனாரைத் திருப்பிப் போட வழியில்லாமல், நாள் முழுக்கப் போக வேண்டியிருந்தது. மறுநாள் நர்ஸம்மா வருகிற நாள். நாற்காலியும் தயாராகத் துடைத்து வைத்திருந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்க. முட்டிக்கு நடுவுல தலகாணி. கஞ்சி குடுத்ததும் உடனே சாய்க்காதீங்க."

"எனக்குத் தெரியாதா? எங்கப்பாதானே."

"உங்கப்பாங்கறதாலதான் சொல்றேன். உங்க பெட்டியா இருந்தா சொல்லவே வேண்டாமே."

மிச்சத்துக்கு அதன் குத்து புரியவில்லை. அவர் மனம் வேறெங்கோ இருந்தது. அன்றுதான் எல்லாப் படங்களையும் சர்வரில் ஏற்றுவதாகத் திட்டம். அப்பாவை ஒருமுறை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார், கேபிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் கேபிள் உருவிக்கொண்டது. மறுபடி அவரை மல்லாத்திவிட்டு, கேபிளைச் செருகி, ஏற்றத்தைத் தொடங்கினார். கால்வாசி ஏறியபோது கரண்ட் போனது. பெட்டி செத்தது. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பாதி எழுதும்போது இப்படி அடிக்கடி நின்றால் டிஸ்க் கெட்டுவிடும் என்று எங்கோ படித்திருந்தார்.

இன்வெர்ட்டர் பிளக்கில் ஒரு மல்டிபிளக் வைத்து சர்வர், பம்பு இரண்டையும் சேர்த்துச் செருகிப் பார்த்தார். இன்வெர்ட்டர் கீச்சுக்கீச்சென்று கத்தியது. இரண்டு பேரைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. மிச்சம் இரண்டு ஒயர்களையும் பார்த்தார். பம்பின் ஒயர் அறையின் மற்றொரு பிளக்குக்கு எட்டாது. யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. பம்பு வெறும் காற்றுதானே, ஏற்றிய காற்று எங்கே ஓடிவிடப் போகிறது?

பம்பின் முனகல் நின்றது.

"டேய், மெத்தை மோட்டார் சத்தம் நின்னுடுச்சே" என்றார் கிழவர்.

"ஒரு மணி நேரம்தான்பா. படமெல்லாம் ஏறினதும் போட்டுடறேன்."

"என்னைக் கொஞ்சம் திருப்பி விடு."

"கேபிள் இழுபடும்பா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஏற்றிய காற்று இருந்த இடத்தில் இருக்கவில்லை. அதற்கும் வாடகை வாங்கத் தெரிந்திருந்ததோ என்னவோ, கொடுக்காத வீட்டில் தங்காமல் மெல்ல மெல்ல வெளியேறியது. மிச்சம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெறும் அறைக்கு வெளியே நிற்பவன் முகம்கூட அவ்வளவு கனிந்திருக்காது. மதியம் கஞ்சி கொடுத்தபோதும் ஒரு கண் அதில்தான். இரண்டு கரண்டி காதுக்குப் போனது.

"கீழ பலகை தட்டுதுடா."

"அம்பது சதவீதம் ஆயிடுச்சுப்பா."

"எனக்கா?"

பிறகு கிழவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக் கேட்டு நிறுத்திய நோயாளிக்கு வலி போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மிச்சமும் அப்படித்தான் நினைத்தார்.

சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டாள். வீட்டில் கேட்க வேண்டிய முனகல் கேட்கவில்லை. கேட்கக் கூடாத இரைச்சல் கேட்டது. கைப்பையைக்கூட வைக்காமல் உள்ளே போனாள். கேபிளை ஒரு கையால் பிடுங்கி எறிந்தாள், மாமனாரைப் புரட்டினாள், வேட்டியைத் தளர்த்தினாள். முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

"என்ன பண்றே! நெட்டு போச்சு!" என்றார் மிச்சம்.

"இங்க வாங்க. விரலை வைங்க. அமுக்குங்க."

அமுக்கினார்.

"இப்ப எடுங்க. விரல் பட்ட இடம் வெளுக்குதா?"

வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் பயமில்லை. உள்ளே இரத்தம் ஓடுகிறது. மிச்சம் குனிந்து பார்த்தார். இன்னொருமுறை அமுக்கிப் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. டிஸ்க்கின் சூட்டைப் புள்ளி பிசகாமல் சொல்கிறவருக்கு இந்த ஒரு வார்த்தை சொல்ல நேரம் பிடித்தது.

"இல்ல."

அவள் பிளக்கின் பக்கம் கை நீட்டினாள்.

"ஏய், ஏய், பிடுங்கிடாத! தொண்ணூத்தேழு சதவீதம் முடிஞ்சிடுச்சு!"

"நல்ல மார்க்கு. பிரேம் போட்டு மாட்டிக்குங்க."

பிடுங்கினாள். சர்வர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. பம்பு முனகத் தொடங்கியது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவர் வாய் திறந்தார். "நாப்பது வருஷத்துல ஒரு டயரையும் இப்படிக் காத்து இல்லாம நான் ஓட்டினதில்லம்மா. பெத்தவனை ஓட்டிட்டான்."

மறுநாள் நர்ஸம்மா பார்த்தார். தோல் உடையவில்லை, தப்பித்தீர்கள் என்றார். பிறகு துடைத்து வைத்திருந்த நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். "சிவப்பு முழுசா மறையற வரைக்கும் முதுகு படுக்கையில படவே கூடாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். நாற்காலி அப்புறம்." கிழவர் சுவரோரம் தலையைத் திருப்பினார். நாற்காலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் அன்று இரண்டு காரியங்களில் தோற்றுப் போனார். சர்வரை ஹாலுக்குத் தூக்கிப் போய் இயக்கிப் பார்த்தார். டிஸ்க் டக்டக்கென்று நாக்கைத் தட்டியது, அத்தோடு சரி. கடைக்காரரிடம் கொண்டுபோனார்.

"ஓய்வு எடுக்கற வயசுல மூட்டை தூக்க வெச்சா என்ன சார் ஆகும்?" என்றார் கடைக்காரர்.

வழியிலேயே நின்று படங்களுக்கு மாதக் கட்டணம் கட்டினார். கட்டுவதற்கு முன் தொகையை மூன்று முறை சரிபார்த்தார். அப்பாவின் முதுகைக்கூட இரண்டு முறைதான் அமுக்கிப் பார்த்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருமகள் சண்டை போடவில்லை. சண்டைக்கு அவளுக்கு நேரமில்லை. "இனிமே காலையில வேலைக்குப் போற வரைக்கும், வந்ததுலேருந்து விடியற வரைக்கும் மாமாவைத் திருப்பிப் போடறது உங்க முறை. அந்தப் பெட்டிக்குத்தான் அவ்வளவு அறிவு இருக்கே, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க."

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். மிச்சத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெட்டிக்குச் செலவில்லாமல் ஒரு வேலை கிடைத்ததல்லவா? மூன்று நாள் முட்டி மோதி, செத்த டிஸ்க்குக்குப் பதில் ஒரு பென்டிரைவிலிருந்தே பெட்டியை ஓடவைத்து, பழைய அழைப்பு மணி ஒன்றை அதில் பொருத்தினார். நேரம் வந்தால் அது அலறும். அதை அணைக்கும் பொத்தானை அப்பாவின் கட்டில் காலிலேயே வைத்தார், நீளமான ஒயர் வாங்கி. ஏமாற்ற முடியாத ஏற்பாடு என்று மனைவியிடம் பெருமையாக விளக்கினார். யாரை ஏமாற்ற முடியாத ஏற்பாடு என்பது முதல் ராத்திரி அலறியபோதுதான் அவருக்கு விளங்கியது.

எழுந்து போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. போனபின் திருப்பாமல் வந்தால் கிழவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

"லோடு இறக்கற மாதிரி இறக்காதடா. தோளுக்கு அடியில கையக் குடு. ம்... இடுப்பு. இடுப்ப மறந்துட்டியே."

"சரிப்பா."

"தலகாணி."

"வெச்சுட்டேன்பா."

"உன் தலைக்கு இல்லடா, என் முட்டிக்கு."

வாரங்கள் போயின. மிச்சத்தின் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்தது. கை பழகியது. விரலை அமுக்கி எடுத்தால் அந்த இடம் வெளுத்தது, பிறகு மெல்லச் சிவந்தது. அதை முதலில் பார்த்தவர் அவர்தான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு அவள் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள்.

ஒரு சாயங்காலம் நாற்காலி விரிந்தது. வாசலில் கிழவர் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்பிய முதல் லாரிக்காரனைப் பார்த்து, கியரை மாற்றத் தெரியாதவன் என்று ஆரம்பித்தார். நாற்காலியிலும் அடிக்கடி சாய்த்து விட வேண்டும் என்பதால் மணியின் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இருமல்கார பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஜன்னல் வழியே செருப்பு ஸ்டாண்டின் மேல் மினுக்கும் பெட்டியைப் பார்த்தார்.

"அது என்ன சார்?"

மிச்சத்தின் முகம் மலர்ந்தது. "நானே கட்டின சர்வர். கடையில வாங்கினா என்ன விலை தெரியுமா? இதுல எவ்வளவு..."

உள்ளே மணி அலறியது. மிச்சம் பாதி வாக்கியத்தைத் தெருவில் விட்டுவிட்டுப் பொத்தானை அமுக்க ஓடினார்.

கிழவர் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கம் மெல்லத் திரும்பினார். "லோடு வந்துடுச்சு. கூலியாள் ஓடறான் பாருங்க."