வாசலில் நின்று கேட்ட அக்கா

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதற்கு, சர்க்கரை இருந்தும் கல்யாண வீட்டில் இரண்டாவது ஜிலேபி எடுத்ததற்கு. அந்தத் திட்டு இல்லாமல் வீடு ரொம்பவும் அமைதியாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அக்கா பிறந்தது ராயக்கோட்டையில். தக்காளி மண்டியில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே போய்விட, அம்மாவுக்குத் துணையாக நின்று என்னை ஆளாக்கியவர் அக்காதான். செவிலியர் படிப்பை முடித்து ஓசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் வார்டுக்குள் நுழைந்தால், கட்டிலில் உட்கார்ந்திருக்கும், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். வீட்டிலும் அதே அதிகாரம். அத்தான் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கிய புண்ணியவான்.

நல்ல சம்பளத்தில் இருந்தவர் ஒரு நாள், "நல்லாக்கி அனுப்பறோம், கொஞ்ச நாள்ல முதுகெல்லாம் புண்ணோட திரும்பி வராங்க. ஊட்ல என்ன நடக்குதுன்னே தெரியாம என்ன நர்ஸ் வேலை?" என்றார். பதிவு பெற்ற செவிலியர்களுக்கான சமுதாய நலச் சிறப்புப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தார். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் மறுபடி மாணவி.

வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அந்தப் பயிற்சியில் முதல் வீடே அவரைத் திருப்பி அனுப்பியது. கெலமங்கலம் பக்கம் தெலுங்கு பேசும் ஒரு விவசாயக் குடும்பம். பக்கவாதம் வந்த பெரியவர் வாசலுக்கு நேராகக் கட்டிலில் படுத்திருந்தார். அக்கா விறுவிறுவென்று உள்ளே போய், ஜன்னலைத் திறந்து, கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். பெரியவரின் மனைவி தமிழிலேயே சொன்னாராம்: "இது ஆஸ்பத்திரி இல்லம்மா, எங்க ஊடு. அவரு அங்க படுத்தாத்தான் மாட்டைப் பாக்க முடியும்." அடுத்த முறை போனபோது கதவு திறக்கவில்லை.

அவரோடு சேர்ந்து பயிற்சிக்குப் போனவர் ரத்னம்மா. "அக்கா, வார்டுல அவங்க நம்மகிட்ட வராங்க. இங்க நாமதான் அவங்ககிட்ட வந்திருக்கோம். கேட்டுட்டுப் போலாம்" என்றிருக்கிறார். அக்காவுக்குச் சொல்லித்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லையே! அந்த வாரம் முழுவதும் எங்கள் சமையலறை வாசலில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் என்னிடம் கேட்டுப் பழகினார். நான் வேண்டுமென்றே "வரக்கூடாது" என்பேன். ஒரு கரண்டி பறந்து வரும்.

அடுத்த முறை செருப்பை வெளியே விட்டு, வாசலில் நின்று, "லோபலிக்கி ராவச்சா?" என்று தெலுங்கில் கேட்டாராம். கதவு திறந்தது. வாசலுக்கு நேராகக் கிடந்த கட்டிலை அக்கா தொடவில்லை. தரையில் செய்தித்தாள் விரித்துப் பையை வைத்து, கை கழுவி, அங்கேயே பெரியவரின் முதுகுப் புண்ணுக்கு மருந்து கட்டினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்கு வாசல்ல நிக்கத் தெரியலையேடி" என்று அன்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதன்பிறகு எத்தனையோ வாசல்கள். சிப்காட் பக்கத்து லைன் வீடுகளில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்களை எழுப்பாமல், குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

புற்றுநோய் முற்றியபோது பெங்களூருக்குப் போகலாம் என்று நாங்கள் கெஞ்சினோம். இனி குணமாக வழியில்லை என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். "கடைசி வரைக்கும் நான் என் ஊட்லதான் இருப்பேன். என் கட்டிலை யாரும் நகத்தக்கூடாது" என்றார். வலியில் துடிப்பவரை வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று எங்களுக்குப் பயம். ரத்னம்மா வந்தார். மருத்துவர் சொன்னபடி வலிக்கு மருந்து கொடுக்கவும், படுக்கையில் புரட்டிவிடவும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அறை வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்பார். அக்கா, "வா ரத்னா" என்பார். பேச்சு நின்ற பிறகு விரலை அசைப்பார். அந்த விரல் அசையும்வரை ரத்னம்மா நிலைப்படியைத் தாண்டியதில்லை.

அக்கா விரும்பியபடியே, அவர் கட்டிலில், அத்தானின் கையைப் பிடித்தபடி, ஒரு காலையில் அடங்கினார்.

எண்ணெய் பூசி நோயில்பூசுதல் தந்து ஜெபித்த பங்குத்தந்தைக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், இன்று திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ரத்னம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உயிர் பிரிந்த அன்று அக்காவைக் குளிப்பாட்டிப் புடவை கட்ட அவர்தான் வந்தார். அறைக்குள் கூட்டம் அழுதுகொண்டு போவதும் வருவதுமாக இருந்தது. அவர் மட்டும் வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எப்போதும்போலக் காத்திருந்தார். அழுகைச் சத்தம் அடங்கியது.

"வா ரத்னா" என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் உள்ளே வந்தார்.