விடு என்றார், உட்டேன்

நாற்பத்தாறு வயதில் வாள் எடுத்தேன். பழைய ஐரோப்பிய வாள், இரண்டு கையும் கொள்ளும் நீளப் பிடி. பயிற்சி வாள் என்பதால் உடம்பு நைலான். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் சேலையைக் களைந்து டிராக் பேன்ட் மாட்டி, ராயபுரத்தில் பஸ் ஏறுவேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகர்ந்து நகர்ந்து திருவொற்றியூர் போய்ச் சேரும்வரை, மேல்கம்பியே எனக்கு வாள்பிடி. ஒரு காலிக் கிடங்கின் மொட்டை மாடியில் வகுப்பு.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. சினிமாக்காரன் நம்ம ஏரியா ஆளைக் கண்டாலே கையில் கத்தி கொடுக்கிறான், நீ நெசமாவே தூக்கிகினு அலையிறே என்றாள். அவன் கொடுத்தது வேறு, நான் எடுத்தது வேறு என்றேன். நம் சர்ச் பீடத்தில் அதிதூதர் காலங்காலமாய் வாளோடு நிற்கிறார், அவரை எந்த ஸ்டேஷனுக்கு இழுத்தார்கள்?

சொல்லிக்கொடுத்தவர் அடையாறுக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வாளோடு நிற்கும் நிலைகளுக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர்களைத் தமிழாக்கிச் சொன்னார். கூரை, ஏர், எருது, முட்டாள். முட்டாள்தான் எனக்குப் பிடித்தது. வாள்முனை தரையைப் பார்க்கும். ஏமாந்து நிற்பவள் போலிருக்கும். நம்பி வந்தவன் வாங்கிக்கொண்டு போவான்.

ஒரே ஒரு சட்டம் கறார். நிறுத்தச் சொன்ன நொடியில் வாள் நிற்க வேண்டும். நிற்காதவர்களுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாம் வாரம் என் முதல் மோதல். எதிரே பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ஒருவர். வாள்கள் சிக்கிக்கொண்டன. வாத்தியார் "விடு!" என்று கத்தினார். ஃபிட்டரின் முகக்கவசத்தில் ஒன்று வைத்தேன். "விடு, விடு!" மேலும் இரண்டு.

எங்கள் வாயில் விடு என்பது உடு. சண்டையை விலக்குபவரும் உடு என்பார், ஏற்றிவிடுபவரும் உடு என்பார். எந்த உடு என்று குரலில் பிடித்துக்கொள்வோம். அவர் குரலில் இருந்தது அவசரம். அவசரமான உடுவுக்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: அடி.

விளக்கிச் சொன்னேன். அதுவரை எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் நல்ல தமிழ் பழகிக்கோங்க மேடம்," என்றார் வாத்தியார். "இன்னொரு தடவை நடந்தா உங்களைச் சேர்த்துக்க முடியாது."

வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"எந்தமிழு நல்லாத்தான் கீது சார். நீங்க வார்த்தைய மாத்துங்கோ."

எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் என்றார். அப்படியானால் எல்லாரிடமும் சொல்லிப் பாருங்கள் என்றேன். ஆறு பேர், அத்தனை பேரும் வடசென்னை. ஜோடி ஜோடியாக மோதவிட்டு, நடுவில் விடு என்று கத்தினார். மாடி முழுக்கச் சடசடவென்று அடி விழுந்தது. ஃபிட்டர் என் தோளில் இறக்கினார். அடி வாங்கியவரே அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அங்கே மரியாதை. "பட்ச்சி," என்றேன், வாயெல்லாம் பல்லாக. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வாத்தியார் சிரிக்கவில்லை. சரி, இனி நிறுத்துவதற்கு நில் என்றுதான் சொல்வேன், அதற்கும் நிற்காவிட்டால் இன்றே கடைசி என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

முட்டாளாய் நின்றேன். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த காற்றில் கண் கரித்தது. ஃபிட்டர் நம்பி வந்தார். கீழிருந்து என் வாள் கிளம்பிவிட்டது, அவர் கவசம் திறந்த கதவுபோலக் கிடந்தது, நாற்பத்தாறு வருஷத்துக் கோபமும் மணிக்கட்டில் இருந்தது.

"நில்."

கவசத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது வாள்.

வாத்தியார் வாள்முனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் சொந்தக் கையுறை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிறகு இருவரையும் பழைய இடத்துக்குப் போகச் சொல்லி, தொண்டையைச் செருமி, பழகாத வாயால் சொன்னார்:

"ம். உடுங்க."

உட்டேன்.