காதில் ஓட்டை இல்லாத மாடு

1. மூங்கில் தடுப்பு

மாட்டின் மூக்கு எப்போதும் வியர்த்தது போல் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் காய்ச்சல். மாட்டாஸ்பத்திரி வேலைக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது. நகரிக்குப் போகும் சாலையில், புது எல்லைக்குக் கால் மைல் இருக்கும்போது, வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த எங்கள் மாட்டின் மூக்கைத் தொட்டேன். வெயிலில் கிடந்த ஓடு மாதிரி இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திருத்தணிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அட்டெண்டராக இருந்தேன். மாட்டைப் பிடிப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது, டாக்டர் பின்னால் ஐஸ் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நடப்பது, இவைதான் வேலை. நாலு பேர் எதிரே வாய் திறக்க வராது. இப்போது, வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்பதால் எழுதுகிறேன். எழுதுவது பேசுவதைவிடச் சுலபமாக இருக்கிறது.

எல்லை பிரித்த வருஷம் எங்கள் பக்கம் ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. நான் ஆந்திரா சர்வீஸ் ஆள். வடமாலபேட்டைக்கு மாற்றல் போட்டார்கள். தூரம் முப்பது மைல்தான். ஆனால் என் மனைவி செங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை தெலுங்கு வராது. காஞ்சிபுரத்துப் பக்கத்துப் பெண்.

"முப்பது மைலுன்னா இன்னா, மூவாயிரம் மைலுன்னா இன்னாயா? பொண்ணுக்கு ஜுரம்னா யார்கிட்ட இன்னா பாஷையில போய் சொல்றது? அது வேற தேசம்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டையும் நாயையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்றும் சொன்னாள். தெரிந்த முகம் நாலு கூட இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

அப்படித்தான் கிளம்பினோம். துரைக்கண்ணு என்பவருடைய மாட்டுவண்டி. வண்டியில் செங்கம்மா, எட்டு வயது மகள் ருக்கு, பாத்திரங்கள், கூடையில் இரண்டு கோழி. அச்சுக்குக் கீழே நாய் ராஜா நிழல் பார்த்து நடந்தது. பின்னால் மயிலை. நிறத்தை வைத்தே அந்த மாட்டுக்குப் பெயர்.

புது எல்லையில் எங்கள் துறையே ஒரு மாட்டுச் செக்போஸ்ட் போட்டிருந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் கீற்றுக் கொட்டகை. அப்போது வெக்கை நோய் பரவிக்கொண்டிருந்த காலம். தெலுங்கில் பெத்த ரோகம், அதாவது பெரிய நோய் என்பார்கள். வந்துவிட்டால் ஒரு வாரத்தில் ஊர்த் தொழுவங்கள் காலி. தடுப்பூசி போட்ட மாட்டுக்கு அடையாளமாகக் காதில் பஞ்ச் வைத்து ஓட்டை போடுவோம். செக்போஸ்ட்டில் காதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். ஓட்டை இல்லாத மாட்டை உள்ளே விடமாட்டார்கள்.

மயிலையின் காதில் ஓட்டை இல்லை.

மூங்கில் அருகே நின்றவர் நாகய்யா, டாக்டருக்கு உதவியாக இருக்கும் ஸ்டாக்மேன். வண்டி மாடுகள் இரண்டின் காதையும் தடவினார். பின்பக்கம் வருவதற்குள் துரைக்கண்ணு முந்திக்கொண்டார்.

"இவரு யார்னு நெனச்ச நாகய்யா? மாட்டாஸ்பத்திரி ஆளு. உங்க கூட்டம்தான். ஊரு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டுக்கினு திரியறவரு. இவரு மாட்டையா பார்க்கப் போற?"

"அட, மன டிபார்ட்மெண்டா, நம்ம ஆளா!" என்று நாகய்யா சிரித்தார். "மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா? போங்க, போங்க."

மூங்கில் மேலே போயிற்று. நான் நினைத்துக்கொண்டு வந்ததும் இதைத்தான். துறை ஆள் என்றால் காதைப் பார்க்கமாட்டார்கள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து புத்தூர்ச் சந்தைக்குப் போகும், ஊசி போடாத மாடுகள் இருபதுக்கு மேல் இருக்கும், நெருக்கியடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் தாகத்தில் மயிலை கயிற்றை இழுத்துக்கொண்டு அந்தத் தொட்டியைப் பார்த்து நடந்தது. அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து வேலிக்கல்லில் சுற்றினேன்.

"கம்பத்தை இறக்குங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "மாட்டுக்குக் காய்ச்சல் அடிக்குது. காதுல ஓட்டை கிடையாது."

2. மீதி மருந்து

அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று ஜனங்கள் பயப்படுவார்கள். ஒரு கிராமத்தில் எங்கள் டாக்டர், "எங்க அட்டெண்டர் மாட்டுக்கே போட்டாச்சு. கேட்டுப் பாருங்க" என்று என்னைக் காட்டினார். நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன். உண்மையில் போடவில்லை. பால் வற்றிவிடுமே என்று நானும்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை தலையாட்டிய பிறகு, என் மாட்டுக்கும் போடுங்கள் சார் என்று டாக்டரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

மாற்றல் வந்த பிறகுதான், போகிற வழியில் நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் பிடித்தது. கலக்கிய மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மீதியைக் கொதிக்க வைத்துப் புதைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் அட்டெண்டர்களுக்குள் வேறு வழக்கம் இருந்தது. மீதி மருந்து நம் வீட்டு மாட்டுக்கு. அது ரெஜிஸ்டரில் ஏறாது. அதனால் காதில் ஓட்டையும் போடமாட்டோம். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால், கடைசி முகாம் முடிந்த சாயங்காலம், மயிலைக்கு அப்படித்தான் போட்டேன்.

அந்த ஊசி போட்டால் நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் வருவது உண்டு. தானே இறங்கிவிடும்.

ஆனால் அன்று நடந்தது அது மட்டும் இல்லை. கடைசி முகாம் நடந்த ஊரில் நோய் ஏற்கெனவே வந்திருந்தது. செத்த மாட்டைக் குழிக்கு இழுக்க நான் கை கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் மாட்டிடம் போக வேண்டும். நேரமாகிவிட்டது, மடி கனத்துக் கத்துகிறது என்று அதே வேட்டியோடு உட்கார்ந்து பால் கறந்தேன். ஊசிக் காய்ச்சலுக்கும் ஐந்து நாள். நோய் தொற்றியிருந்தாலும் ஐந்து நாளில் காய்ச்சல் வரும்.

3. டாக்டர் கேட்டது

செக்போஸ்ட் டாக்டருக்கு என்னைவிடச் சின்ன வயது. தெலுங்குக்காரர், தமிழ் பேசுவார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏமய்யா, ஊசி போட்டியா இல்லியா?" என்றார்.

மீதி மருந்தைப் பற்றிச் சொன்னேன். துரைக்கண்ணு வாயில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் தெர்மாமீட்டரைத் துடைத்து உறையில் வைத்தார். பிறகு, "தப்புதான். ஆனா அப்படின்னா இது ஊசிக் காய்ச்சல். நிச்சயமா? நீ நிச்சயம்னு சொன்னா நான் இப்பவே ஓட்டை போட்டு அனுப்பிடறேன். குடும்பத்தோட ரோட்ல நிக்கிற. சொல்லு" என்றார்.

செங்கம்மா வண்டியிலிருந்து என்னையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொழுது சாயும் முன் நகரியில் இருப்போம்.

"தெரியலைங்க சார்" என்றேன். செத்த மாட்டை இழுத்ததையும் குளிக்காமல் பால் கறந்ததையும் சொன்னேன்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவரும் பயந்துவிட்டார்.

"பத்து நாள். இந்தப் பக்கமே. மாடு அந்தப் புங்க மரத்தடியில. நாயையும் கட்டு. அது எதையாவது வாயில கவ்விக்கினு ஊருக்குள்ள போகும். சாணி ஒரு உருண்டைகூட வெளியே இருக்கக் கூடாது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடு."

துரைக்கண்ணு சாமானை எல்லாம் மரத்தடியில் இறக்கினார். அவர் மாடுகளின் கால்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் விட்டார்கள். போகும்போது, "ஊசி போடறவரு வூட்டு மாட்டுக்கே நோவா? நல்லா இருக்குதய்யா உங்க ஆஸ்பத்திரி. வாயைத் தொறக்காத மனுசன், தொறந்தியே ஒரு நாளு!" என்றார்.

அவர் வண்டி மறையும்வரை செங்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்க இருந்த வூட்டை ஒப்படைச்சாச்சு. இங்க வூடு கிடைக்கல. நடு ரோட்ல குந்த வெச்சிட்டியேயா" என்றாள். பிறகு, "நெசமாவே தெரியாதா ஒனக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

அவள் மூன்று கல் எடுத்துவந்து அடுப்புக் கூட்டினாள்.

4. தவிடு

வெக்கை நோயில் முதலில் காய்ச்சல். அப்புறம் வாய்க்குள், கீழுதட்டின் உள்பக்கம், ஈறில், தவிடு தூவினாற்போல் வெள்ளைப் பொடிப்பொடியாகப் புண். அதன் பிறகு கழிச்சல். கழிச்சல் ரத்தமாகப் போனால் முடிந்தது. புத்தகத்தில் என்ன போட்டிருக்கும் என்று தெரியாது. நான் பார்த்தது இது.

தினம் காலையில் டாக்டர் வருவார். நான் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பேன். அவர் கீழுதட்டை மடக்கிப் பார்ப்பார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் மடக்கிய உதட்டை விடவே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். நாலைந்து புள்ளி. தவிடுதான்.

"ஊசிக்கும் சில மாட்டுக்கு இந்த மாதிரி வரும்" என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இனிமே சாணியைப் பாரு. இளகிச்சுன்னா உடனே வந்து சொல்லு."

இளகினால் என்ன என்று நான் கேட்கவில்லை. நாகய்யா மரத்துக்குப் பின்னால் பெரிய குழி ஒன்று வெட்ட ஆள் சொல்லியிருந்தார். மாடு அளவுக் குழி.

அன்று செங்கம்மா வடக்கே மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஏழுமலையானே, இந்த வாயில்லா ஜீவனைக் காப்பாத்து. பொண்ணு முடியைக் குடுக்கறேன்."

"ஒன் முடியைக் குடும்மா" என்றாள் ருக்கு. "நைனா, சொல்லு நைனா. புது ஸ்கூல்ல மொட்டைன்னு கூப்புடுவாங்க. அதுவும் தெலுங்குல கூப்புடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே குழி கண்ணில் பட்டது.

நாலாம் நாள் மயிலை எதையும் தின்னவில்லை. பச்சைப் புல்லை முகத்துக்கு நேரே பிடித்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. பால் ஒரு சொட்டு இல்லை. ராஜா கட்டிய இடத்திலேயே முனகிக்கொண்டு கிடந்தது. வடமாலபேட்டையில் சேர வேண்டிய நாளும் அன்றோடு போயிற்று. எனக்கு அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தொட்டியில் குடித்த சந்தை மாடுகள்தான் வந்தன. கயிற்றைச் சரியான நேரத்தில் பிடித்தேனா, அதற்கு முன்னால் மூச்சுக்காற்று பட்டுவிட்டதா, எச்சில் எதுவரை சிந்தியது என்று திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். செக்போஸ்ட் வழியாக யார் வந்தாலும் புத்தூர்ப் பக்கம் மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்கச் சொல்லி நாகய்யாவைத் தொல்லை செய்தேன்.

"ஏமி காலேதய்யா, ஒண்ணும் ஆகல. நீ கேட்டுக் கேட்டே ஆகிடப் போகுது" என்றார் அவர்.

ஆறாம் நாள் விடிந்ததும் செங்கம்மா கூப்பிட்டாள். எனக்கு எழுந்து போகப் பயம். போனேன். அவள் கையில் சாணி உருண்டை இருந்தது. கெட்டியாக, பச்சையாக, நல்ல சாணி. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருய்யா" என்றாள். மயிலை அசை போட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து உதட்டை மடக்கினார். புள்ளிகள் ஆறிக்கொண்டிருந்தன. தெர்மாமீட்டரை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். "ஊசிதான்" என்றார். அப்போதும் மிச்சம் நாலு நாளைக் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் என் வாக்குமூலத்தை அவரே எழுதினார். "மீதி மருந்து சமாசாரத்தை எழுதணுமா?" என்று கேட்டார். கேட்டது அவருடைய நல்ல மனசு. எழுதச் சொன்னேன். புது ஊரில் வேலையில் சேர்ந்த அன்றே மெமோவும் வாங்கினேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசி, அளவு, ரெஜிஸ்டர் எல்லாம் உங்களுக்கு டாக்டர் சொல்லித் தருவார். நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். தெரியாததைத் தெரியும் என்று தலையாட்டாதீர்கள். மயிலை பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அது நோய் கண்டு செத்திருந்தாலும், நான் அன்று உள்ளதைச் சொன்னதால், தொட்டியில் தண்ணீர் குடித்த அந்த மாடுகள் சந்தையில் விலைபோய், எங்கெங்கோ தொழுவங்களில் நல்லபடியாகக் கட்டப்பட்டிருக்கும். அவை யாருடையவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று எதிலிருந்து தப்பினார்கள் என்பது அந்தச் சொந்தக்காரர்களுக்கும் தெரியாது.